புது கம்பெனியிடம் சொல்லாத இரண்டு மாத வேலை: வரிக் கணக்கை நேராக முடிப்பது எப்படி

சேர்ந்த கம்பெனி சரிப்பட்டு வரவில்லை, இரண்டே மாதத்தில் வெளியே வந்துவிட்டீர்கள். ரெஸ்யூமில் அதைப் போடவில்லை. புது வேலையும் கிடைத்துவிட்டது. சேரும் வாரத்தில் ஹெச்ஆர் அனுப்பிய லிங்க்கைத் திறந்தால், "இந்த நிதியாண்டில் முந்தைய நிறுவனத்தில் பெற்ற சம்பளம்" என்று ஒரு பக்கம் வருகிறது. அதில் என்ன எழுதுவது?

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருந்தவள். இப்போது தெரிந்தவர்களுக்கு வீட்டிலிருந்தே ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். வருஷா வருஷம் ஜூலையில் இந்தக் கேள்வியோடு யாராவது வருகிறார்கள். ஜூலையில் வருவதுதான் பிரச்சினை. இதை டிசம்பரிலேயே பார்த்திருந்தால் பாதி வலி குறைந்திருக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூமில் எதைப் போடுவது, எதை விடுவது என்பது உங்கள் இஷ்டம். கையெழுத்துப் போடும் படிவத்தில் பொய் எழுதக் கூடாது. வரி ரிட்டர்னில் ஒரு மாதச் சம்பளத்தைக்கூட விடக் கூடாது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால், அந்த இரண்டு மாத வேலையை யாரிடமும் விளக்காமலேயே கணக்கை முடிக்க வழி இருக்கிறது.

என் அக்கா மகன் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தொகைகளை மட்டும் கணக்குக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன். 2025 ஏப்ரல் முதல் ஜூலை வரை பழைய கம்பெனி, மாதம் 1,00,000 ரூபாய். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் சோழிங்கநல்லூரில் இன்னொரு கம்பெனி, மாதம் 1,20,000. கோடிங் வேலை என்று சொல்லி எடுத்துவிட்டு, சேர்ந்த பிறகு இரவு ஷிஃப்டில் சப்போர்ட்டுக்குப் போட்டுவிட்டார்கள். அக்டோபர் முதல் தரமணியில் இப்போதைய கம்பெனி, மாதம் 1,40,000. "சித்தி, அந்தப் பக்கத்துல இதைப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். போடலைன்னா சட்டப்படி தப்பா?" என்று போனில் கேட்டான்.

தப்பில்லை. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 192(2) பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒரே நிதியாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர், மற்ற இடத்துச் சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் ஃபார்ம் 12பி-யில் எழுதி இப்போதைய முதலாளியிடம் "கொடுக்கலாம்". கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. கொடுத்தால் கம்பெனி எல்லாவற்றையும் கூட்டி டிடிஎஸ் (சம்பளத்திலேயே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தான் தரும் சம்பளத்துக்கு மட்டும் பிடிக்கும். மீதி உங்கள் பொறுப்பு. கம்பெனிக்கும் அதனால் ஒரு சிக்கலும் வராது.

(2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களும் ஃபார்ம் எண்களும் அதில் வேறு. 2025-26 நிதியாண்டுக் கணக்கு பழைய சட்டப்படிதான் என்பதால் பழைய எண்களையே சொல்கிறேன்.)

ஆனால் அந்தப் பக்கத்தில் தவறிப்போக இரண்டு இடம் உண்டு. ஒன்று, காலியாக விடுவது வேறு, "முந்தைய வருமானம் ஏதும் இல்லை" என்ற கட்டத்தை டிக் செய்வது வேறு. அப்படி டிக் செய்வது பொய்யான அறிவிப்பு. போர்ட்டல் எதையாவது நிரப்பினால்தான் நகரும் என்றால் பேரோலுக்கு (சம்பளப் பிரிவுக்கு) ஒரு மெயில் போடுங்கள்: "முந்தைய சம்பள விவரத்தை நான் ஃபார்ம் 12பி மூலம் தரவில்லை. அதற்கான வரியை நானே கட்டி, என் ரிட்டர்னில் கணக்குக் காட்டிக்கொள்கிறேன். உங்கள் சம்பளத்துக்கு மட்டும் டிடிஎஸ் பிடியுங்கள்." நான் வேலையில் இருந்தபோது இப்படி எழுதியவர்களிடம் ஏன் என்று திருப்பிக் கேட்டதில்லை. பேரோலில் இருப்பவருக்கு அந்தக் கட்டத்தை மூட ஒரு எழுத்துபூர்வமான பதில் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பழைய கம்பெனியை மட்டும் 12பி-யில் எழுதிவிட்டு நடுவில் இருந்த இரண்டு மாதத்தை விட்டுவிடுவது. அந்த ஃபார்மின் அடியில் எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். பாதி எழுதினால் அந்தக் கையெழுத்தே தப்பாகிவிடும். எழுதினால் எல்லாவற்றையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஃபார்மே கொடுக்காதீர்கள். அவன் விஷயத்தில் பாதி கொடுத்திருந்தாலும் ஒரு ரூபாய் டிடிஎஸ் பிடித்திருக்க மாட்டார்கள். ஏன் என்பதைக் கணக்கில் பாருங்கள்.

புதிய வரி முறையில் 2025-26-க்குச் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு. அதைக் கழித்த பிறகு வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். பழைய கம்பெனி, இவன் வருஷம் முழுக்க இருப்பான் என்று நினைத்து 12 லட்சத்தில் 75,000 கழித்தது, வரி இல்லை. நடுக் கம்பெனி ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதம், 9,60,000 என்று போட்டது; வரி இல்லை. புதுக் கம்பெனிக்கு ஆறு மாதம், 8,40,000; அங்கேயும் வரி இல்லை. மூன்று இடத்திலும் சம்பளச் சீட்டில் டிடிஎஸ் வரிசை காலி. பையன் சந்தோஷமாக இருந்தான்.

இப்போது கூட்டுங்கள். 4,00,000, 2,40,000, 8,40,000: மொத்தம் 14,80,000. நிலையான கழிவு ஒரே ஒரு தடவைதான், மூன்று தடவை கிடையாது. மீதி 14,05,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 2,05,000-க்கு 15 சதவீதம், 30,750. ஆக 90,750, அதற்கு மேல் 4 சதவீத செஸ் 3,630. கட்ட வேண்டியது 94,380 ரூபாய். பிடித்தது பூஜ்யம். பழைய கம்பெனியையும் புதுக் கம்பெனியையும் மட்டும் கூட்டினால் 12,40,000, கழிவு போக 11,65,000. அதற்கு வரி வராது. பாதி 12பி-யால் பயன் இல்லை என்று மேலே சொன்னது இதனால்தான்.

வேலையை மறைக்காதவர்களுக்கும் இது நடக்கும். 12பி கொடுக்க மறந்தவர்கள் எல்லோரும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். வேண்டுமென்றே கொடுக்காமல் இருப்பவர், இந்த 94,380-ஐ அன்றைக்கே எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும்.

எப்போது கட்டுவது என்பதில்தான் காசு மிச்சமாகிறது. டிடிஎஸ் போக வருஷத்து வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். அதை வியாபாரிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், சம்பளக்காரருக்கும் உண்டு. ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவணை தவறினால் 234சி பிரிவில் மாதம் 1 சதவீத வட்டி. மார்ச் 31 வரை 90 சதவீதம்கூடக் கட்டாமல் இருந்தால், ஏப்ரல் முதல் கட்டும் மாதம் வரை 234பி-யில் இன்னொரு 1 சதவீதம்.

எதுவுமே செய்யாமல் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டினால் அவனுக்கு 234சி-யில் 4,759, 234பி-யில் 3,772, சேர்த்து 8,531 ரூபாய் வட்டி. டிசம்பர் 15-க்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் ஜூன், செப்டம்பர் தவணைகளுக்கான 1,695 மட்டும். அப்போது இந்த வருமானமே வரவில்லையே என்று கேட்கலாம். சம்பளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த 1,695-தான் 12பி கொடுக்காமல் இருந்ததற்கான விலை. கொடுத்திருந்தால் கம்பெனி மாதம் 15,730 வீதம் பிடித்து முடித்திருக்கும், வட்டியும் வந்திருக்காது. இந்த விலை உங்களுக்குச் சம்மதமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அது பெரிய தொகையாகத் தெரியவில்லை.

கட்டுவது சுலபம். வருமான வரி போர்ட்டலில் இ-பே டாக்ஸ், புதிய செலுத்துகை, வருமான வரி. 2025-26 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஒரு வருஷம் முன்னேயோ பின்னேயோ போட்டுவிட்டு, பணம் கட்டியும் பாக்கி என்று நோட்டீஸ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்ச் 31-க்குள் கட்டினால் முன்கூட்டிய வரி, எண் 100. அதற்குப் பிறகு ரிட்டர்னுக்கு முன்னால் கட்டினால் சுய மதிப்பீட்டு வரி, எண் 300. சலானை பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். சில நாளில் உங்கள் ஏஐஎஸ்-இல் (உங்கள் வருமானம், வரி பற்றித் துறையிடம் இருக்கும் விவரத் தொகுப்பு) அது வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம், விட்டு வந்த அந்த இடத்திலிருந்து வாங்க வேண்டிய காகிதங்கள். கோபத்தில் வெளியே வந்தவர்கள் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். மெயில் ஐடி முடங்குவதற்கு முன்னால் எல்லா மாதச் சம்பளச் சீட்டையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால் ஃபார்ம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்றிதழ்) தர வேண்டியது அவர்கள் கடமை. நிதியாண்டு முடிந்து ஜூன் 15-க்குள் வர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஃபார்ம் 16 வராமலே போகலாம், அப்போது சம்பளச் சீட்டுதான் உங்கள் ஆதாரம். ரிலீவிங் லெட்டரை, யாருக்கும் காட்டப்போவதில்லை என்றாலும், வாங்கி வையுங்கள்.

சேரும்போது ஜாயினிங் போனஸ் வாங்கிவிட்டு, சீக்கிரம் விலகியதால் திருப்பிக் கொடுத்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுத்த தொகை சம்பளக் கணக்கில் கழிக்கப்பட்டிருக்கிறதா? இல்லாவிட்டால் கையில் இல்லாத பணத்துக்கு வரி கட்டுவீர்கள். நான்காம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையை அவர்கள் மே 31-க்குள் தாக்கல் செய்வார்கள். அதற்கு முன்னால் எழுதிக் கேட்டால் திருத்துவது எளிது.

இனி, இந்த வேலை புதுக் கம்பெனிக்கு எப்படித் தெரியவரும் என்ற பயம். உங்கள் 26ஏஎஸ் (பிடித்த வரியைக் காட்டும் தாள்), ஏஐஎஸ் இரண்டும் உங்கள் லாகினுக்குள் இருப்பவை. கம்பெனி தன் டிடிஎஸ் அறிக்கையைத்தான் பார்க்க முடியும், அடுத்த கம்பெனி என்ன பிடித்தது என்று பார்க்க முடியாது. ரிட்டர்னில் நீங்கள் மூன்று சம்பளத்தையும் காட்டினால் அந்தத் தகவல் கம்பெனிக்குப் போகாது. ரிட்டர்னில் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்துத்தான் பலர் அதை விடுகிறார்கள். அந்த நினைப்பு முழுத் தவறு.

தெரியவருவது பிஎஃப் வழியாக. யுஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்குள் ஒரு மெம்பர் ஐடி விழும். மெம்பர் போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தால் கம்பெனி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். பின்னணி சரிபார்ப்பு நிறுவனங்கள் இதைத்தான் முதலில் பார்க்கின்றன. சில இடங்களில் 26ஏஎஸ்-ஐயே பதிவேற்றச் சொல்கிறார்கள். சேரும்போது நிரப்பும் பிஎஃப் ஃபார்ம் 11-லும் முந்தைய பிஎஃப் விவரமும் விலகிய தேதியும் கேட்பார்கள். அதில் உண்மையைத்தான் எழுத வேண்டும். பிஎஃப் இல்லவே இல்லை என்று எழுதி இன்னொரு யுஏஎன் வாங்கப் பார்ப்பதோ, அந்த இரண்டு மாதப் பணத்தை எடுத்துவிட்டால் பதிவு அழிந்துவிடும் என்று நினைப்பதோ வேண்டாம். பணத்தை எடுத்தாலும் பதிவு அப்படியே இருக்கும்.

அதனால் நடுக் கம்பெனியில் பிஎஃப் பிடித்திருந்தால், மறைக்கும் திட்டத்தையே கைவிடுங்கள் என்பேன். ஆஃபர் வந்ததும், சரிபார்ப்புப் படிவம் வருவதற்கு முன்னாலேயே, ஹெச்ஆரிடம் ஒரு வரி சொன்னால் போதும்: "நடுவில் ஒரு இடத்தில் இரண்டு மாதம் இருந்தேன், சொன்ன வேலை கொடுக்கவில்லை, விலகிவிட்டேன், அது என் அனுபவத்தில் சேராது என்பதால் ரெஸ்யூமில் போடவில்லை." என் அக்கா மகன் இதைத்தான் சொன்னான். ரிலீவிங் லெட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். சரிபார்ப்புப் படிவத்தில் "எல்லா வேலைகளையும் எழுதவும்" என்று இருந்தால் எழுதியே ஆக வேண்டும். இரண்டு மாத வேலைக்காக ஆஃபரை யாரும் லேசில் திரும்பப் பெற மாட்டார்கள், படிவத்தில் எழுதிய பொய்க்காகப் பெறுவார்கள். பழைய கம்பெனியின் கடைசித் தேதியை இரண்டு மாதம் நீட்டிப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். அது ரிலீவிங் லெட்டரிலேயே உடைந்துவிடும்.

இன்னொரு சின்ன வேலை. விட்டு வந்த கம்பெனி, பிஎஃப்-இல் விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவிடலாம். அப்படியே விட்டால் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போலத் தெரியும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, மெம்பர் போர்ட்டலில் மேனேஜ், மார்க் எக்ஸிட் என்று போய் நீங்களே பதியலாம்.

சரி, ரிட்டர்னுக்கு வருவோம். போடுவதற்கு முன்னால் ஏஐஎஸ்-ஐத் திறந்து சம்பளம் என்ற வரிசையை அழுத்திப் பாருங்கள். எந்தெந்தக் கம்பெனி எவ்வளவு என்று துறையிடம் சொல்லியிருக்கிறது என்பது, டான் எண்ணோடு (வரி பிடிக்கும் கம்பெனியின் அடையாள எண்), அடியில் விரியும். டிடிஎஸ் பிடிக்காத கம்பெனியின் சம்பளம் அதில் வராமலும் இருக்கலாம். வரவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியிருக்கிறது, பிஎஃப் பதிவு இருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் 270ஏ பிரிவில் அதற்கான வரியில் 50 சதவீதம் அபராதம். தெரிந்தே மறைத்ததாகக் கருதினால் 200 சதவீதம்.

மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள், வேறு சிக்கல் இல்லை என்றால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவமே போதும். எத்தனை கம்பெனி மாறியிருந்தாலும் அதையே போடலாம். மூன்று இடத்துச் சம்பளத்தையும் கழிவுக்கு முந்தைய தொகையாகக் கூட்டி எழுதுங்கள். ஃபார்ம் 16-இன் பி பகுதியில் கடைசியில் நிற்கும் வரிக்குரிய தொகைகளைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே 75,000 கழித்திருக்கும், அதைக் கூட்டினால் கழிவு இரண்டு மூன்று தடவை போய்விடும். நான் பார்த்தவற்றில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80சி சேமிப்புக் கழிவும் இதே போல இரட்டிப்பாகலாம்.

கட்டிய வரியின் சலான் விவரம் பெரும்பாலும் தானாகவே ஏறியிருக்கும். இல்லாவிட்டால் பிஎஸ்ஆர் எண் (வங்கிக் கிளையின் குறியீடு, சலானிலேயே இருக்கும்), தேதி, சலான் எண் மூன்றையும் நீங்கள் போட வேண்டும். வட்டியைப் போர்ட்டலே கணக்கிடும். அந்தப் பாக்கியைக் கட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். கடைசி நாள் ஜூலை 31. தாண்டினால் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

முந்தைய வருஷங்களில் இப்படி ஒரு வேலையை விட்டுவிட்டவர்களுக்கும் வழி உண்டு. ஐடிஆர்-யு என்ற புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்னை மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதம் வரை போடலாம். வரியும் வட்டியும் போக, அந்த இரண்டும் சேர்ந்த தொகையில் கூடுதலாக முதல் 12 மாதத்தில் 25 சதவீதம், 24 மாதம் வரை 50, 36 வரை 60, 48 வரை 70. நோட்டீஸ் வந்த பிறகு அலைவதைவிட இது எவ்வளவோ மேல். தள்ளிப் போடப் போட விலை ஏறும், அதனால் இந்த மாதமே உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். தாண்டினால் சரிபார்த்த நாளைத்தான் தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள், சரிபார்க்கவே இல்லை என்றால் போட்டதே கணக்கில் வராது. அப்புறம் 143(1) மெயில், அதாவது உங்கள் ரிட்டர்னைத் துறை சரிபார்த்து அனுப்பும் அறிவிப்பு, வரும். துறையின் கணக்கும் உங்கள் கணக்கும் இரண்டு பத்தியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சம்பள வரிசையில் இரண்டும் ஒன்றா, கட்ட வேண்டிய தொகை பூஜ்யமா என்று பார்த்துவிட்டு, அந்த மெயிலையும் இரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.